படை கேட்ட கேள்வியும் பல்கலைக்கழகம் தந்த விடையும்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பாவைப் பற்றியும், பல்கலைக்கழகங்களில் பிறக்கும் கருத்துகள் அதன் வழியாகக் கருவிகளாக மாறுவதைப் பற்றியும் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவாக இருந்த ஐயங்களைத் தேர்ந்தெடுத்து இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் எழுதப்படும் ஆய்வேடுகள் பெரும்பாலும் நூலக அலமாரியோடு நின்றுவிடுகின்றன. அங்கே மட்டும் ஒரு கட்டுரை எப்படிக் கருவியாகிறது? பணம் அதிகம் இருப்பதுதான் காரணமா? (பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: பணம் ஒரு காரணம்தான், ஆனால் முதற்காரணம் அது அன்று என்பது என் கருத்து. ஒரு பேராசிரியரின் கடமை, புதிய உண்மை ஒன்றைக் கண்டறிந்து, சக ஆய்வாளர்கள் ஏற்கும்படி நிறுவி வெளியிடுவதோடு முடிந்துவிடுகிறது. ஒரு நிறுவனமோ, இன்னும் சில ஆண்டுகளில் விற்கக்கூடிய பொருள் கையில் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் முதல் போடும். இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் வெற்றிடத்தில்தான் பெரும்பாலான நல்ல கருத்துகள் மடிந்துபோகின்றன. இத்துறையினர் அந்த இடத்தை ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்றே அழைக்கிறார்கள். டார்ப்பா வேலை செய்வது அந்தப் பள்ளத்தாக்கில்தான்.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியது. அந்த அதிர்ச்சியில், 1958 பிப்ரவரியில், அதிபர் ஐசனோவரின் அரசு ஆர்ப்பா என்ற பெயரில் இந்த முகமையைத் தொடங்கியது. 1972இல் பெயரின் முன்னால் பாதுகாப்பு என்ற சொல் சேர்ந்து டார்ப்பா ஆயிற்று. தொடங்கிய ஆண்டிலேயே விண்வெளிப் பணிகளின் பெரும்பகுதி புதிதாகப் பிறந்த நாசாவுக்குப் போய்விட்டதால், தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றில் எதுவும் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடாத, தொலைநோக்கான பணிகளை அது எடுத்துக்கொண்டது. அந்த இழப்பே அதற்கு நன்மையாக முடிந்தது.

வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் இயங்கும் டார்ப்பாவுக்குச் சொந்த ஆய்வுக்கூடம் எதுவும் கிடையாது. ஏறத்தாழ நூறு திட்ட மேலாளர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களிலிருந்தும் நிறுவனங்களிலிருந்தும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் வருபவர்கள். அவர்களுடைய அடையாள அட்டையிலேயே பணி முடியும் நாள் அச்சிடப்பட்டிருக்கும். ஓய்வுபெறும் வரை நாற்காலி நிலைக்கும் என்ற எண்ணம் அங்கே எவருக்கும் வருவதில்லை; இருக்கும் ஆண்டுகளுக்குள் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்ற பரபரப்பே இருக்கும். அவர்கள் ஒரு சிக்கலை வரையறுத்து அறிவிப்பார்கள். பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் ஒப்பந்தம் பெற்று அதைத் தீர்க்க முயல்வார்கள்.

திரவப் படிகத் திரையை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஹைல்மையர் 1975 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்தபோது, பணம் கேட்டு வருபவர்களிடம் சில கேள்விகளைத் தவறாமல் கேட்டார். நீங்கள் செய்ய நினைப்பதைக் கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல்ல முடியுமா? இன்று அது எப்படிச் செய்யப்படுகிறது, அந்த முறை எங்கே தடுமாறுகிறது? உங்கள் வழியில் புதியது எது? நீங்கள் வென்றால் யாருடைய வேலை மாறும்? எவ்வளவு செலவாகும், எத்தனை காலம் ஆகும்? பாதி வழியிலும் இறுதியிலும் எந்தத் தேர்வை வைத்து உங்களை மதிப்பிடலாம்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். தேர்வு இன்னது, தேதி இன்னது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், ஆய்வு நூலகத்தில் போய் உறங்க முடியாது. உங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். அதற்குப் பணம் எதுவும் தேவையில்லை.

கேள்வி: அணுகுண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத தகவல் தொடர்பு வேண்டும் என்றுதான் இணையம் உருவாக்கப்பட்டது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். இது உண்மையா? (தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மதுரை)

பதில்: இல்லை. இரண்டு உண்மைகள் ஒன்றோடொன்று கலந்ததால் பிறந்த கதை அது.

ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன், 1960களின் தொடக்கத்தில், அணுத் தாக்குதலுக்குப் பிறகும் பிழைத்திருக்கும் தொடர்பு வலையைப் பற்றி உண்மையிலேயே ஆராய்ந்தார். தாங்கள் பணியாற்றிய காலத்துத் தொலைபேசி இணைப்பகத்தை நினைத்துப் பாருங்கள்: இரண்டு பேர் பேசுவதற்கு, பேச்சு முடியும் வரை ஒரு முழுப் பாதையைக் கட்டிவைக்க வேண்டும், நடுவில் இணைப்பகம் விழுந்தால் பேச்சும் விழும். பாரன், செய்தியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் தன் வழியைத் தானே தேடிப்போகும்படி விடலாம் என்றார். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்டு டேவிஸ், போர் என்ற நினைப்பே இல்லாமல், விலையுயர்ந்த கணினிகளைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தேவையிலிருந்து அதே முறையைத் தனியாகக் கண்டடைந்தார். அந்தத் துண்டுகளுக்கு இன்றும் வழங்கும் ‘பாக்கெட்’ என்ற பெயர் அவர் இட்டதே.

ஆர்ப்பா எடுத்துக்கொண்ட வலைக்கும் அணுகுண்டுக்கும் தொடர்பில்லை. அதன் வேர் ஓர் உளவியலாளரிடம் இருக்கிறது. மனிதக் காது ஒலியை எப்படி உணர்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த லிக்லைடர், கணினி வெறும் கணக்குப் போடும் எந்திரமாக நின்றுவிடாமல் மனிதனோடு சேர்ந்து சிந்திக்கும் துணையாக வேண்டும் என்று 1960இல் எழுதினார். 1962இல் ஆர்ப்பாவின் கணினிப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர், அந்தக் கனவில் நம்பிக்கை கொண்ட பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பணம் கொடுத்தார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த பாப் டெய்லரின் பென்டகன் அறையில் மூன்று கணினி முனையங்கள் இருந்தன. ஒன்று அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தோடும், ஒன்று பெர்க்லி பல்கலைக்கழகத்தோடும், ஒன்று சான்டா மோனிகாவில் உள்ள ஒரு நிறுவனத்தோடும் பேசும். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு கட்டளை மொழிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் நாற்காலியைவிட்டு எழுந்து போய் உட்கார வேண்டும். ஒரே முனையத்திலிருந்து மூன்றோடும் ஏன் பேச முடியாது என்று 1966இல் அவர் இயக்குநரிடம் கேட்டு, ஏறத்தாழ 10 லட்சம் டாலர் பெற்றுவந்தார். அந்தச் சலிப்புதான் இணையத்தின் விதை.

1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து வடக்கே இருந்த ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்கு ‘லாகின்’ என்று தட்டச்சு செய்தார்கள். முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி நின்றுவிட்டது. சற்று நேரத்தில் சரிசெய்து மீண்டும் இணைத்தார்கள்.

இராணுவத் தேவை வெளிப்படையாக உள்ளே வந்தது இதற்குப் பிறகுதான். நகரும் வண்டிகளுக்கு வானொலி வழியாகவும், கடல் கடந்து செயற்கைக்கோள் வழியாகவும் தகவல் அனுப்ப வேண்டும் என்ற தேவை எழுந்தது. ஆனால் வானொலி வலை, செயற்கைக்கோள் வலை, தரைவழிக் கம்பி வலை ஆகிய மூன்றும் மூன்று குணம் கொண்டவை. எந்த வலையையும் மாற்றாமல் அவற்றுக்கு மேல் ஒரு பொதுவான நெறிமுறையைப் போட்டுவிடலாம் என்று பாப் கானும் வின்ட் செர்ஃபும் 1974இல் எழுதிய கட்டுரைதான், இன்று தங்கள் கைப்பேசியும் வங்கிக் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியின் தொடக்கம். 1977 நவம்பரில் கலிபோர்னியச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து கிளம்பிய தகவல், மூன்று வலைகளையும் கடந்து அட்லாண்டிக்கின் மறுகரை வரை போய் மீண்டும் கலிபோர்னியாவை அடைந்தது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பா தொடங்கிய அந்த வலை முழுவதும் இந்த நெறிமுறைக்கு மாறியது. கட்டுரைக்கும் மாற்றத்துக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அத்தனை ஆண்டும் பொறுமையாகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது அரசுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: ரேடாரில் தெரியாத விமானத்தின் இரகசியம் ரஷ்யரின் ஆய்வுக்கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டதாமே? (இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: ஆம், இரகசியம் என்ற சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். அது இரகசியமாகவே இல்லை, மாஸ்கோவில் 1962இல் வெளிப்படையாக அச்சான நூல்.

பியோத்தர் உஃபிம்ட்சேவ் என்ற இயற்பியலாளர், ஒரு பொருளின் மீது படும் மின்காந்த அலை அதன் பரப்பிலிருந்து எதிரொளிப்பதோடு, அதன் விளிம்புகளில் எப்படி வளைந்து சிதறுகிறது என்பதைக் கணக்கிடும் வழியை வகுத்தார். தாங்கள் வகுப்பில் ஒற்றைப் பிளவைக் காட்டி நடத்தும் விளிம்பு விளைவுதான் அடிப்படை. சோவியத் அதிகாரிகள் அதில் படைப் பயன் எதையும் காணவில்லை. அதனால்தான் வெளியிட அனுமதித்தார்கள். அமெரிக்க விமானப்படை, அயல்நாட்டு நூல்களை வழக்கமாக மொழிபெயர்க்கும் தன் பிரிவின் மூலம் 1971இல் அதை ஆங்கிலமாக்கி வைத்தது. அதுவும் சில காலம் அலமாரியில்தான் கிடந்தது.

பின்னர், வியட்நாமிலும் 1973ஆம் ஆண்டு மேற்காசியப் போரிலும் ரேடார் வழிகாட்டும் ஏவுகணைகளுக்கு விமானங்கள் சாரைசாரையாகப் பலியான நிலையில், எவ்வளவு சிறியதாகத் தெரிந்தால் ஒரு விமானம் ரேடாரிலிருந்து தப்பலாம் என்று டார்ப்பா நிறுவனங்களைக் கேட்டது. லாக்ஹீட் நிறுவனத்தின் கணிதவியலாளர் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அந்த மொழிபெயர்ப்பைப் படித்து, தட்டையான முகங்களால் ஆன ஓர் உருவம் எவ்வளவு அலையைத் திருப்பியனுப்பும் என்று கணக்கிடும் நிரலை எழுதினார். அந்த விமானம் ஏன் வெட்டிய வைரம்போல முகம் முகமாக இருக்கிறது என்று மாணவர்கள் கேட்டால், வளைந்த பரப்பைக் கணக்கிட அன்றைய கணினிக்கு வலு போதவில்லை என்பதே நேர்மையான விடை. 1977 டிசம்பரில் ‘ஹேவ் புளூ’ என்ற முன்மாதிரி பறந்தது. செய்யப்பட்ட இரண்டு முன்மாதிரிகளும் விபத்தில் அழிந்தன, விமானிகள் உயிர் தப்பினார்கள், திட்டம் நிற்கவில்லை. 1981இல் அதன் வழிவந்த எஃப்-117 விமானம் பறந்தது. 1988இல்தான் அரசு அதை ஒப்புக்கொண்டது. 1990இல் உஃபிம்ட்சேவ் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்தார். தம் சமன்பாடுகள் எந்த நாட்டில், எந்த உருவத்தில் பறக்கின்றன என்பது அவருக்கு அதற்குப் பின்புதான் முழுமையாகத் தெரிந்தது.

சமன்பாடு சோவியத் ஒன்றியத்தில் இருந்தது; கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. மாணவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது இந்த இடத்தில் சற்று நிறுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் படகில் ஜி.பி.எஸ். கருவி வைத்திருக்கிறோம். அது அமெரிக்கப் படைக்காகச் செய்தது என்கிறார்கள். அவர்கள் நினைத்தால் நிறுத்திவிட முடியுமா? (விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்)

பதில்: செயற்கைக்கோள்களை இயக்குவது இன்றும் அமெரிக்கப் படைதான் என்பதால், உங்கள் கேள்வி நியாயமானது. பொதுமக்களுக்கான அலைவரிசையில் வேண்டுமென்றே ஏறத்தாழ 100 மீட்டர் வரை பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2000 மே மாதத்தில்தான் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டு, இந்தியாவின் நாவிக் என்று வேறு அமைப்புகளும் இருப்பதால், பலவற்றையும் சேர்த்துப் படிக்கும் கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இதன் தொடக்கம் மிக அழகானது. ஸ்புட்னிக் பறந்த வாரத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் கையர், வைஃபன்பாக் என்ற இரண்டு இளைஞர்கள் அதன் ‘பீப் பீப்’ ஒலியை ஆர்வத்தால் பதிவு செய்தார்கள். ரயில் நெருங்கும்போது ஊதல் ஒலி கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா, அதே டாப்ளர் விளைவைக் கொண்டு ஸ்புட்னிக்கின் பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். 1958இல் அவர்களுடைய மூத்தவரான பிராங்க் மெக்ளூர், தரையில் இருக்கும் இடம் தெரிந்தால் கோளின் பாதை தெரிகிறதென்றால், கோளின் பாதை தெரிந்தால் தரையில் இருக்கும் இடமும் தெரிய வேண்டுமே என்று திருப்பிப் போட்டார். ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகள் நடுக்கடலில் தாம் எங்கே இருக்கிறோம் என்று அறியத் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆர்ப்பா பணம் தந்தது. டிரான்சிட் என்ற அமைப்பு 1964இல் கடற்படைக்குப் பயன்படத் தொடங்கியது. அதற்கு அடுத்த தலைமுறையான ஜி.பி.எஸ். 1978இல் முதல் கோளைச் செலுத்தி, 1995இல் முழுமை பெற்றது. அதன் அணுக் கடிகாரங்கள், ஐன்ஸ்டீன் சொன்ன சார்பியல் விளைவுகளால், தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ வினாடி முந்துகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் உங்கள் படகு இருக்கும் இடம் 10 கி.மீ. அளவுக்குத் தவறிப்போகும்.

கேள்வி: ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்காக டார்ப்பா நடத்திய முதல் பந்தயத்தில் ஒரு வண்டிகூட எல்லையைத் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அது வீண்செலவுதானே? (வாகன உதிரிபாகத் தொழிற்சாலைப் பொறியாளர், ஓசூர்)

பதில்: 2004 மார்ச் 13 அன்று மாலையில் கேட்டிருந்தால் பலரும் ஆம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மொஹாவே பாலைவனத்தில் 142 மைல் பாதை. பரிசு 10 லட்சம் டாலர். மற்றவற்றை முந்திச் சென்ற கார்னகி மெலன் பல்கலைக்கழக வண்டி, ஏழரை மைலைக்கூட எட்டாமல் ஒரு கொண்டையூசி வளைவில் மண்மேட்டில் சிக்கி நின்றது. டார்ப்பா வருத்தம் தெரிவித்துவிட்டு ஒதுங்கவில்லை. பரிசை இரண்டு மடங்காக்கி, அடுத்த ஆண்டே மறுபடியும் பந்தயம் என்று அறிவித்தது.

2005 அக்டோபர் 8 அன்று, 132 மைல் பாதையை ஐந்து வண்டிகள் முழுமையாக ஓடி முடித்தன. ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டு, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ வென்றது. அதில் சபாஸ்டியன் துருன் குழுவினர் செய்தது, அதுவரை ஆய்வேடுகளில் மட்டும் இருந்த எந்திரக் கற்றலைச் சாலைக்குக் கொண்டுவந்ததுதான். லேசர் உணரிக்கு அருகில் உள்ள தரை மட்டுமே தெரியும். கேமராவுக்குத் தொலைவு தெரியும், ஆனால் தெரிவது தரையா பள்ளமா என்று அதற்குப் புரியாது. லேசர் ‘இது ஓடக்கூடிய தரை’ என்று உறுதிசெய்த இடத்தின் நிறத்தைக் கேமரா கற்றுக்கொண்டு, அதே நிறம் தொலைவில் எங்கே நீள்கிறதோ அங்கே வேகமாகப் போகலாம் என்று முடிவெடுத்தது. பகல் வெளிச்சம் மாற மாற அது கற்றுக்கொண்டதும் மாறியது.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்கிறேன். அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர், வெலோடைன் என்ற ஒலிபெருக்கி நிறுவனத்தின் உரிமையாளர் டேவிட் ஹால். தம் வண்டிக்கு வேண்டும் என்பதற்காக, சுழன்றுகொண்டே நாற்புறமும் அளக்கும் லேசர் உணரி ஒன்றைச் செய்தார். 2007ஆம் ஆண்டு நகரச் சாலைப் பந்தயத்தில் ஓடி முடித்த ஆறு வண்டிகளில் ஐந்தின் கூரையில் அது சுழன்றுகொண்டிருந்தது. ஒரு புதிய உதிரிபாகத் தொழிலே அங்கிருந்துதான் தொடங்கியது. 2009இல் கூகுள் தொடங்கிய திட்டத்துக்குத் துருன் தலைமையேற்றார். கார்னகி மெலன் குழுவினரும் சேர்ந்தார்கள். இன்று வேமோ என்ற பெயரில் பயணிகளை ஏற்றிச் செல்வது அதன் தொடர்ச்சி.

ஆனால், 2015க்குள் தரைப்படையின் போர் வண்டிகளில் மூன்றில் ஒன்று ஆளில்லாமல் ஓட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் விதித்த இலக்கு நிறைவேறவில்லை. எந்தப் படைக்காகப் பந்தயம் நடந்ததோ அதைவிட நகரத்து வாடகை வண்டிக்கு அது முன்னதாகப் பயன்பட்டுவிட்டது.

கேள்வி: கைப்பேசியில் பேசினால் புரிந்துகொள்ளும் தொழில்நுட்பத்துக்கும் டார்ப்பாவுக்கும் தொடர்பு உண்டா? (இல்லத்தரசி, சென்னை)

பதில்: நிறைய உண்டு, உங்கள் ஊருக்கும் அதில் பங்கு உண்டு. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து 1958இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, ஸ்டான்போர்டில் முனைவர் பட்டம் முடித்து, கார்னகி மெலனில் பேச்சறி ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். 1971இல் ஆர்ப்பா ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது: 1,000 சொற்கள் கொண்ட தொடர்ப்பேச்சைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும். 1976இல் அவருடைய குழுவின் ‘ஹார்ப்பி’ 1,011 சொற்களோடு அந்த இலக்கை எட்டியது. எட்டிய பிறகும் டார்ப்பா அந்தத் திட்டத்தைத் தொடரவில்லை. பல ஆண்டுகள் பணம் நின்றது. இந்த முறையின் கொடிய முகம் அது: மேலாளர் மாறினால், ஆய்வாளரின் வாழ்க்கையும் மாறிவிடும். ரெட்டி விடவில்லை, 1994இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றார். 2003இல் டார்ப்பா, அலுவலகப் பணிகளைக் கற்றுக்கொண்டு உதவும் மென்பொருளுக்காக மீண்டும் பெரும்பணம் கொடுத்தது. அதை ஒருங்கிணைத்த எஸ்.ஆர்.ஐ. (முன்பு சொன்ன ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனம்) நிறுவனத்திலிருந்து 2007இல் பிரிந்த சிறு நிறுவனம்தான், பேசினால் விடை சொல்லும் ‘சிரி’ மென்பொருளைச் செய்தது. ஆப்பிள் 2010இல் அதை வாங்கி, 2011இல் ஐபோனில் சேர்த்தது.

கேள்வி: எல்லாவற்றையும் புகழ்ந்து எழுதுகிறீர்கள். கொலைக் கருவி செய்பவர்களிடம் ஒரு பல்கலைக்கழகம் கை நீட்டுவது அறமா? (ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர், தஞ்சாவூர்)

பதில்: தங்கள் துறையிலிருந்தே தொடங்குகிறேன், ஐயா. 1943இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கால்ஸ்டன் என்ற இளைஞர், சோயா மொச்சையைச் சீக்கிரம் பூக்கவைக்கும் வேதிப்பொருள் ஒன்றைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். அளவு கூடினால் இலைகள் உதிர்ந்துவிடும் என்ற எச்சரிக்கையையும் அதில் குறித்திருந்தார். குளிர்ப்பகுதி உழவர்களுக்கு உதவ வேண்டும் என்பதே அவர் நோக்கம். இலை உதிரும் என்ற அந்தச் செய்தியை இராணுவத்தின் உயிரியல் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு, இலையுதிர்ப்பு மருந்துகளை மேற்கொண்டு ஆராய்ந்தார்கள். 1961 முதல், ஆர்ப்பாவின் ‘அஜைல்’ திட்டத்தின் கீழ், வியட்நாமில் களைக்கொல்லிகள் சோதிக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் ஏஜென்ட் ஆரஞ்சு உள்ளிட்ட 7 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நஞ்சு அந்த நாட்டின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் தெளிக்கப்பட்டது. அதில் கலந்திருந்த டையாக்சின் அந்த மண்ணையும் மனிதரையும் இன்னும் விட்டுப் போகவில்லை. கால்ஸ்டன், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரான பின், அதை நிறுத்தப் போராடிய அறிவியலாளர்களின் முன்வரிசையில் நின்றார். 1970இல் ஏஜென்ட் ஆரஞ்சின் பயன்பாடு நிறுத்தப்பட்டது.

இணையத்துக்குப் பணம் தந்ததும் இதே முகமைதான் என்பதை எழுதும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஈடுகட்ட முடியும் என்று நான் நினைக்கவில்லை. 2002இல் பொதுமக்களின் பரிமாற்றங்களையெல்லாம் திரட்டி ஆராயும் கண்காணிப்புத் திட்டம் ஒன்றையும் டார்ப்பா தொடங்கியது. நாடாளுமன்றமே அடுத்த ஆண்டு அதன் நிதியை நிறுத்த வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகங்கள் இதை எதிர்க்காமல் இருந்ததில்லை. மாணவர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து, ஸ்டான்போர்டு தன் ஆய்வு நிறுவனத்தை 1970இல் தன்னிடமிருந்து பிரித்துவிட்டது. ஏவுகணை வழிகாட்டுக் கருவிகளைச் செய்த ஆய்வகத்தை எம்.ஐ.டி. 1973இல் தனியாக்கியது. நேரடிப் படைப் பயன் இல்லாத ஆய்வுக்குப் பாதுகாப்புத் துறை பணம் தரக் கூடாது என்று செனட்டர் மான்ஸ்ஃபீல்டு கொண்டுவந்த சட்டத் திருத்தமும் அக்காலத்தில் வந்தது. அதன் விளைவு எதிர்பாராதது: நோக்கம் படையின் பிடியைத் தளர்த்துவது, நடந்ததோ, டார்ப்பாவின் பணம் முன்பைவிட நேரடியாக ஆயுதம் சார்ந்த ஆய்வுகளை நோக்கித் திரும்பியது.

முடிவுகளைத் தடையின்றி வெளியிடும் உரிமையும், அந்தத் திட்டத்தில் சேர மறுக்கும் மாணவர் அதனால் எதையும் இழக்கமாட்டார் என்ற உறுதியும் எழுத்தில் இருந்தால் பணத்தை ஏற்கலாம் என்பது என் நிலைப்பாடு. இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் மறுத்துவிட வேண்டும். கால்ஸ்டனைப்போல, தம் கண்டுபிடிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பின்தொடர்ந்து கேட்கும் கடமை, இந்த இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறிய பிறகும் ஆய்வாளருக்கு இருக்கிறது.

கேள்வி: நம் நாட்டில் இத்தகைய அமைப்பு இல்லையா? (ஆவடி வாசகர்)

பதில்: டார்ப்பா தொடங்கிய அதே 1958இல்தான் நம் டி.ஆர்.டி.ஓ.வும் தொடங்கப்பட்டது. ஆனால் அமைப்பு முற்றிலும் வேறு. உங்கள் ஊரிலேயே போர் ஊர்தி ஆய்வகம் இருப்பதுபோல, அதற்கு நாடெங்கும் ஏறத்தாழ 50 சொந்த ஆய்வகங்கள் இருக்கின்றன. கருத்து, வடிவமைப்பு, சோதனை எல்லாம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கும். பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்வதற்காகச் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இடங்களில் கூட்டு மையங்கள் இருக்கின்றன. சிறு நிறுவனங்களிடம் சிக்கலைச் சொல்லித் தீர்வு கேட்கும் ஐடெக்ஸ் திட்டம், 2018 ஏப்ரலில் நம் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கப்பட்டது. டார்ப்பாவின் முறைக்குச் சற்று நெருக்கமானது அதுதான்.

ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கூட்டுப்பொருளைக் கொண்டு, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நடைக்கருவி செய்ததை அப்துல் கலாம் மேடைதோறும் சொல்வார். 3 கிலோ எடையை இழுத்துக்கொண்டு நடந்த பிள்ளைகள், 300 கிராம் கருவியோடு ஓடியதைக் கண்டு பெற்றோர் கண்ணீர் விட்டார்கள் என்பார். ஹைதராபாத் மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவர் அவருடைய ஆய்வகத்துக்கு வந்து, அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து, பின்பு தம் நோயாளிகளைக் காட்டியதால் நடந்தது அது. அத்தகைய வருகைகள் தற்செயலாக இல்லாமல் முறையாக நிகழ வழி செய்ய வேண்டும்.

கேள்வி: அடுத்து எதை எதிர்பார்க்கலாம்? (பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: அண்மையில் நம் கண்முன் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு எம்.ஆர்.என்.ஏ. செயற்கையாகச் செய்த எம்.ஆர்.என்.ஏ.வை உடல் பகையென்று எண்ணித் தாக்காதிருக்க, அதன் கட்டுமானக் கூறுகளுள் ஒன்றை மாற்றினால் போதும் என்று காட்டாலின் கரிகோவும் டுரூ வைஸ்மனும் 2005இல் எழுதினார்கள். தடுப்பூசி நிறுவனங்கள் தயங்கிய காலத்தில், 2013இல் டார்ப்பா மாடர்னா நிறுவனத்துக்கு 2.5 கோடி டாலர் வரை தர முன்வந்தது. முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாத நோயைச் சந்திக்கும் படைவீரர்களைக் காக்க வேண்டும் என்பது காரணம். 2020இல் கொரோனா வந்தபோது, பெரும்பங்கு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுடையது என்றாலும், தடுப்பூசிக்கான அடித்தளத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. கரிகோவும் வைஸ்மனும் 2023இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இப்போது நான் கவனித்துக்கொண்டிருப்பது, அணு அளவில் செயல்படும் இயற்பியல் விதிகளைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் கணினி. 1994இல் பீட்டர் ஷோர், அத்தகைய கணினி பெரிய எண்களின் காரணிகளை விரைவில் கண்டுபிடிக்கும் என்று கணிதமாக நிறுவிய நாளிலிருந்து, அது எப்போது வரும் என்பதில் வாக்குறுதிகள்தான் பெருகியிருக்கின்றன. 2024இல் டார்ப்பா தொடங்கிய திட்டம், புதிய கணினி எதையும் செய்யச் சொல்லவில்லை. 2033க்குள், தனக்கு ஆகும் செலவைவிட அதிகப் பயன் தரும் குவாண்டம் கணினியைக் கட்ட முடியுமா என்ற ஒரே கேள்வியை வைத்து, பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் திட்டங்களைப் படிப்படியாகச் சோதித்து வருகிறது. நீங்கள் இயற்பியலோ கணினியோ படிப்பவரானால், நிறுவனங்களின் அறிவிப்புகளைவிட, அந்தச் சோதனையில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள், எந்தக் காரணத்துக்காக நிற்கிறார்கள் என்பதைத் தொடர்ந்து பாருங்கள். உங்கள் ஆய்வுக்கான தலைப்பு அங்கே கிடைக்கக்கூடும்.